இத்தாலிக்குப் போக ஒரு நெஞ்சு

"உங்க ஹஸ்பெண்ட் இப்போ எங்கே?"

பேரூர்க்கடை கிளினிக்கின் இதய டாக்டர் மறுபடி மறுபடி அதையே கேட்டார். விஷ்ணுப்ரியாவுக்கே தெரியாது. கௌசிக் விடியுமுன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். "இன்னிக்கு நல்ல ஏத்தமா ஒண்ணு" என்று மட்டும் சொன்னான். எந்த மலை என்று அவள் கேட்கவில்லை. சனிக்கிழமை காலைத் தூக்கத்தில் யாருக்குக் கேட்கத் தோன்றும்?

"ஈசிஜி நல்லா இல்லை. இதயத் தசை தடிச்சிருக்கும்னு சந்தேகப்படறேன். எக்கோ எடுத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும். அதுவரைக்கும் அவர் மாடிப்படி கூட ஏறக் கூடாது. மலை ஏறினா பாதி வழியில சட்டுனு நின்னு போகலாம்."

எது நின்று போகும் என்று அவள் கேட்கவில்லை.

எல்லாம் இத்தாலியால் வந்தது. அடுத்த மாதம் அங்கே மலைப்பாதையில் நடக்கும் சைக்கிள் பந்தயத்துக்குக் கௌசிக் பணம் கட்டியிருந்தான். ஆபீஸ் போகிறவர்கள் ஆசைக்கு ஓட்டுகிற பந்தயம்தான். ஆனாலும் ஈசிஜி எடுத்து, டாக்டர் கையெழுத்துப் போட்ட உடற்தகுதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் சட்டையில் குத்த நம்பர் கிடைக்காது. வியாழக்கிழமை மத்தியானம் தானே தனியாகக் கிளினிக்குக்குப் போய்வந்ததாகக் கௌசிக் சொன்னபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் அறைக்கு வெளியே வந்து மறுபடி கௌசிக்குக்குப் போன் அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. எப்போதும் அவனோடு சைக்கிள் ஓட்டுகிற, இத்தாலிக்கும் கூடவே பணம் கட்டிய பிரஜினுக்கு அடித்தாள். அவனும் அப்படியே. போலீஸ் ஸ்டேஷனில் ஏற்கெனவே கேட்டாயிற்று. சைக்கிள் ஓட்டப் போன பெரிய ஆள் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவார் என்றார்கள். அதற்குப் பிறகுதான் ரத்னாபாய்க்குப் போன் செய்தாள்.

ரத்னாபாய் ஐம்பதைத் தாண்டிய நாஞ்சில் நாட்டுக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கேஸ்களைத் தோண்டி எடுத்தவர், இப்போது கரமனையில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். கழக்கூட்டத்தில் விஷ்ணுப்ரியா வேலை பார்க்கும் கம்பெனிக்கு, புதிதாகச் சேருகிறவர்கள் சொல்வது நிஜமா என்று விசாரித்துச் சொல்வது அவர்தான். அவரோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருபவன் சுமந்த். கார் ஓட்டுவான், போட்டோ எடுப்பான், மிச்ச நேரமெல்லாம் வாயடிப்பான்.

இருவரும் கிளினிக்குக்குள் வந்ததும் ரத்னாபாய் கேட்ட முதல் கேள்வி விஷ்ணுப்ரியாவுக்குப் புரியவில்லை.

"காலையில வீட்டுல எது காணோம் பிள்ளே?"

"எதுவும் காணாமப் போகலையே மேடம்."

"யோசிச்சுச் சொல்லு. அடுக்களையில?"

"அடுக்களையிலயா... உப்பு. உப்புமாவுக்குத் தேடினேன். பொடி உப்புப் பாக்கெட்டைக் காணோம்."

"வெயில்ல வேர்த்தா உப்புத் தண்ணி குடிக்கணும்லா மேடம்" என்றான் சுமந்த்.

"அதுக்கு மாத்திரை வெச்சிருக்கார். தண்ணில போட்டாக் கரையும். அதையும் எடுத்துண்டுதான் போயிருக்கார்."

ரத்னாபாய் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முந்தின நாள் மழை இன்னும் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "குடிக்க மாத்திரை இருக்கு, பின்னே உப்பு எதுக்கு? அட்டைக்கு. காலை அட்டை கவ்வினா வைக்கத்தான். பொன்முடி மலைக்கு நல்ல ரோடு, சைக்கிளை விட்டு இறங்கவே வேண்டாம், அட்டை எங்கே வரும்? உடைஞ்ச ரோட்டுல, புல்லுல சைக்கிளைத் தூக்கிட்டு நடக்கணும்னா போனக்காடு எஸ்டேட்தான். கேட்டியா, போனக்காட்டுக்குத்தான் போயிருக்காரு."

"அங்கே போன் டவர் கிடையாது மேடம்" என்றான் சுமந்த். "அட்டைக்கு மட்டும்தான் நல்ல ரேஞ்ச்."

கிளம்புமுன் ரத்னாபாய், ஈசிஜி எடுத்த பிந்துவிடம் ஒரு நிமிஷம் நின்றார். "இவர் வேற எங்கயாவது போகப்போறதா ஏதும் சொன்னாரா?"

"எனக்கு ஓர்மை இல்லை சேச்சி." பிந்து மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள். "நல்ல ஜாலியான ஆளு. நெஞ்சு முழுக்க ரோமம், ஸ்டிக்கர் ஒட்டவே மாட்டேன்னுது. நான் ரேஸர் வெச்சு அங்கங்கே வட்டம் வட்டமா வழிச்சேன். 'சதுரங்கப் பலகை ஆயிடுச்சு'ன்னு ஒரே சிரிப்பு."

"அவர் சிரிச்சாரா?" விஷ்ணுப்ரியாவால் நம்ப முடியவில்லை. "டெட்டால் வாசனைக்கே வேர்த்துக் கொட்டும் அவருக்கு."

ரத்னாபாய் அவளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பாவம் சேச்சி" என்று பிந்து விஷ்ணுப்ரியா பக்கம் திரும்பினாள். "நேத்து சாயங்காலம் நானே அவரைப் போன்ல கூப்பிட்டு, ரிப்போர்ட் சரியில்லை, உடனே வாங்கன்னு சொன்னேன். திங்கட்கிழமை வரேன்னார். டாக்டருக்கு மனசு கேக்கலை. அதான் இன்னைக்கு அவர் எழுதியிருந்த ரெண்டாவது நம்பருக்கு, உங்களுக்கு, அடிச்சோம்."

விஷ்ணுப்ரியா நேற்று ராத்திரியை நினைத்துப் பார்த்தாள். கௌசிக்குக்கு நேற்றே தெரியும். தெரிந்துகொண்டுதான் ராத்திரி அவளோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டான். மகள் ஜானவிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தான். தெரிந்துகொண்டுதான் விடிகாலையில் சைக்கிளை எடுத்தான்.

கார் நெடுமங்காடு தாண்டியது. முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் ஊர்ந்தது. சுமந்த் ஹாரனை அழுத்தியபடி, "இந்தச் சேட்டன் லாரியைக் கழுவி உலர்த்தக் கொண்டு போறாராக்கும்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"அவர் அப்பாவும் இப்படித்தான் மேடம்" என்றாள் விஷ்ணுப்ரியா திடீரென்று. "கோவில்ல பிரதட்சிணம் வரும்போது விழுந்தார். தூக்கறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அப்பா போன வயசு இவருக்கு இப்போ வந்தாச்சு. அதனாலதான் சைக்கிளே ஆரம்பிச்சார், உடம்பைப் பாத்துக்கணும்னு. நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஸ்ரீவராகத்து வீட்டுல என் மாமியார் இன்னும் எதுவும் தெரியாம உட்கார்ந்திண்டிருக்கா. நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

"சொல்ல வேண்டிய நேரம் வரல்ல. வரும்போது பாத்துக்கலாம்." ரத்னாபாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுக்கமாக இருந்தது.

விதுரையைக் கடந்ததும் காடு தொடங்கியது. காட்டிலாகா செக்போஸ்ட்டில் இருந்த காவலர், ஆமாம், இரண்டு சைக்கிள்கள் மேலே போனதாகச் சொன்னார். பிரஜின் கூடத்தான் இருக்கிறான் என்று விஷ்ணுப்ரியாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பிரஜின் கௌசிக்கின் ஆபீஸ் நண்பன், சின்ன வயசு, கல்யாணமாகாதவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்து "சேச்சி, அடை உண்டோ?" என்று கேட்டுச் சாப்பிடுவான். ஜானவிக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். எதாவது ஒன்று என்றால் தூக்கிக்கொண்டு ஓடி வருவான்.

ரோடு ஏறத் தொடங்கியது. தார் பெயர்ந்து, பள்ளத்தில் எல்லாம் செம்மண் தண்ணீர். ஒவ்வொரு வளைவிலும் விஷ்ணுப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தால் ரோட்டில் எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ என்று பயம்.

"மேடம், அதோ!" சுமந்த் பிரேக் போட்டான்.

ஒரு மதகுச் சுவரில் கௌசிக் உட்கார்ந்திருந்தான். சைக்கிள் தலைகீழாக நின்றது, சங்கிலி அறுந்து தொங்கியது. கணுக்காலில் ரத்தம். ஒரு துணி முடிச்சிலிருந்து உப்பை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

கார் நிற்குமுன் விஷ்ணுப்ரியா இறங்கி ஓடினாள். அவன் நிமிர்ந்து "நீ எப்படி இங்கே..." என்பதற்குள் அவன் தோளில் இரண்டு கையாலும் அடித்தாள். அப்புறம் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நேத்தே தெரியுமாம்! என்கிட்ட ஏன் சொல்லலை? நான் செத்தா போயிட்டேன்?"

"என்ன தெரியும்? ப்ரியா, என்ன சொல்றே நீ?"

"உங்க நெஞ்சு! ஈசிஜி! ஆடாதீங்கோ, அப்படியே உட்காருங்கோ. மூச்சு விட முடியறதா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. சங்கிலிதான் அறுந்துபோச்சு."

ரத்னாபாய் மெல்ல வந்து அவன் முன்னால் நின்றார். ஏறிவந்த சூட்டில் கௌசிக் சட்டையின் முன்ஜிப்பைத் தொப்புள் வரை இறக்கிவிட்டிருந்தான். ரத்னாபாயின் கண் அங்கேயே நின்றது.

"சுமந்த், இவரு நெஞ்சைப் பாரு. என்ன தெரியுது?"

"காடு மேடம். நல்ல அடர்ந்த காடு." சொல்லிவிட்டு அவனே ஒரு கணம் நின்றான். "ஒரு மரம் கூட வெட்டலையே."

"பிந்து வட்டம் வட்டமா வழிச்சது வியாழக்கிழமை. ரெண்டு நாள்ல ஒரு மனுஷனுக்கு இப்படி முளைக்காது."

விஷ்ணுப்ரியா கணவனின் மார்பைப் பார்த்தாள். நேற்றுக் காலையும் அவன் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு நின்றபோது பார்த்தாள். வட்டமும் இல்லை, வழித்த இடமும் இல்லை. கிளினிக்கில் பிந்து சொன்னபோதே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பயம் எதையும் யோசிக்க விடவில்லை.

"நீங்க போகவே இல்லையா?"

கௌசிக் தலையைக் குனிந்துகொண்டான். "கிளினிக் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போக முடியலை. அப்பாவுக்கு வந்தது எனக்கும் இருக்குன்னு சொல்லிட்டா? தெரியாம இருந்தா ஓட்டிண்டாவது இருக்கலாம். பிரஜின்தான் சொன்னான், நீங்க வண்டியிலேயே இருங்க சேட்டா, உங்க பேர்ல நான் படுத்துட்டு வரேன், என்னோடது குதிரை நெஞ்சுன்னு..."

ஆக, கெட்ட ஈசிஜி கௌசிக்குடையது இல்லை. விஷ்ணுப்ரியாவின் உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. 'பெருமாளே, பத்மநாபா' என்று வாய்விட்டுச் சொன்னாள். சிரிப்பு வந்தது. அவளால் அதை அடக்க முடியவில்லை.

"பிரஜின் எங்கே?" என்று ரத்னாபாய் கேட்டார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு கணம் முன்னால் தான் எதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்று நினைத்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"மேலே போயிட்டான்" என்றான் கௌசிக். "நான் சங்கிலியைச் சரி பண்றேன், நீ நில்லுன்னேன். கேக்கலை. என்னவோ இன்னிக்கு ஒரு மாதிரி இருந்தான். பேசவே இல்லை."

"கிளினிக்குல போன் நம்பர் குடுத்தது யாரு?"

"எல்லாம் அவன்தான். பேர் மட்டும்தான் என்னுது."

"அப்போ நேத்து சாயங்காலம் பிந்து கூப்பிட்டதும் அவனைத்தான். திங்கட்கிழமை வரேன்னு சொன்னதும் அவன்தான்." ரத்னாபாயின் குரல் தணிந்தது. "இதுக்கு முன்னால அவன் எங்கயாவது மயங்கி விழுந்திருக்கானா?"

கௌசிக் யோசித்தான். முகம் மாறியது. "போன மாசம் பொன்முடியில. சாப்பிடாம வந்துட்டேன்னான். அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை... அவன் சர்ட்டிபிகேட்டை ஊர்ல யாரோ தெரிஞ்ச டாக்டர்கிட்ட வாங்கினான். ஸ்டெதஸ்கோப் கூட வெக்காமக் கையெழுத்துப் போட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சான்."

"அவனுக்குச் சந்தேகம் இருந்திருக்கு. தன் பேர்ல ஈசிஜி எடுத்துக் கெட்டதா வந்தா இத்தாலி கைவிட்டுப் போயிரும். உங்க பேர்ல எடுத்தா உண்மையும் தெரியும், அவன் சர்ட்டிபிகேட்டுக்கும் பழுது வராது. உங்களுக்கு உதவி பண்ணான்னு நீங்க நினைச்சிட்டு இருக்கீங்க. ஆனா ஒண்ணு கேட்டியா பிள்ளே, ரெண்டாவது நம்பர்னு உன் நம்பரை எழுதியிருக்கான். முழுசா மறைக்கணும்னா வாய்க்கு வந்த எதையாவது எழுதியிருப்பான். யாராவது வந்து நிறுத்தட்டும்னு மனசுல ஒரு மூலையில இருந்திருக்கு."

"அப்போ ஏறுங்க எல்லாரும்" என்றான் சுமந்த்.

ஏறினார்கள். ஆனால் இரண்டு வளைவு தாண்டியதும் கார் நின்றது. நேற்றைய மழையில் ரோட்டின் பாதி ஓடையோடு போயிருந்தது. மிச்சமிருந்த விளிம்பில் ஜீப் வேண்டுமானால் ஊர்ந்து போகலாம், இந்தக் கார் போகாது. மேலே தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போவது தெரிந்தது. பிரஜின் கண்ணில் படவில்லை.

சுமந்த் இறங்கி, காரின் பின்னால் கட்டியிருந்த கௌசிக்கின் சைக்கிளை அவிழ்த்தான். அறுந்த சங்கிலியின் ஒரு கண்ணியைக் கழற்றிவிட்டு, கார் பெட்டியிலிருந்த இடுக்கியால் இரு முனையையும் சேர்த்து நெருக்கினான். கைகள் வேகமாக ஓடின. "ஒரு தடவை ஏறத் தாங்கும். நானே போவேன் மேடம், ஆனா முதல் வளைவுல என்னைத் தூக்க ஒரு ஆள் வேணும்."

கௌசிக் சைக்கிளைப் பிடித்தான். விஷ்ணுப்ரியாவும் பிடித்தாள்.

"நீங்க போகக் கூடாது."

"நடந்து போனா அவனைப் பிடிக்க முடியாது ப்ரியா."

"அவனோடது கெட்டதுன்னாவது தெரியும். உங்களோடது எப்படின்னு யாருக்குத் தெரியும்? யாருமே பார்க்கலையே!" அவள் ரத்னாபாயைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கோ மேடம். இவரை அனுப்பலாமா?"

அதுவரை எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த ரத்னாபாய், இதற்கு மட்டும் கீழே தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது மக்களே" என்றார் கடைசியில்.

விஷ்ணுப்ரியாவுக்கு அடைக்காக வாசலில் வந்து நிற்கும் பிரஜின் நினைவுக்கு வந்தான். மாமனார் கோவில் பிராகாரத்தில் கிடந்த கோலமும் நினைவுக்கு வந்தது. எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"மெதுவாப் போங்கோ" என்றாள். "ஆனாப் போங்கோ."

கௌசிக் சைக்கிளைத் தூக்கி உடைந்த இடத்தைக் கடந்தான். ஏறி மிதித்தான். வளைவில் மறைந்தான்.

சுமந்த் ஜீப் கொண்டுவரக் காரைத் திருப்பிக்கொண்டு கீழே பாய்ந்தான். ரத்னாபாயும் விஷ்ணுப்ரியாவும் நடக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச தூரத்தில் ரத்னாபாய்க்கு மூச்சு வாங்கியது. "நீ போ பிள்ளே" என்று கையைக் காட்டினார். விஷ்ணுப்ரியா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். கல் குத்தியது, காலில் அட்டை ஏறியது, அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் "கௌசிக்!" என்று கத்தினாள்.

பிறகு ஒரு வளைவில் பதில் வந்தது. "இங்கே! சீக்கிரம் வா!"

பிரஜினின் சைக்கிள் தேயிலைச் செடிகளுக்குள் கிடந்தது. பிரஜினும் அங்கேதான் விழுந்திருந்தான். கௌசிக் அவனைச் செடிக்குள்ளிருந்து இழுத்து ரோட்டோரத்தில் கிடத்தியிருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. நெற்றியில் கிழிந்து ரத்தம். ஆனால் கண் திறந்திருந்தது.

"மூச்சு இருக்கு" என்றான் கௌசிக். அவனுக்கே மூச்சு இரைத்தது. விஷ்ணுப்ரியா ஒரு கையை அவன் முதுகிலும் ஒரு கையைப் பிரஜினின் மார்பிலும் வைத்தாள். இரண்டும் துடித்தன. பிரஜினுடையது ஒழுங்கில்லாமல் துடித்தது.

"சேச்சி" என்றான் பிரஜின். குரல் காற்றாக வந்தது. "ஒரே ஒரு தடவை மேலே போய்த் தொட்டுட்டு விட்டுடலாம்னு நினைச்சேன். அப்புறம் சைக்கிளைத் தர மாட்டாங்கல்லோ."

அவனை அறைய வேண்டும்போல இருந்தது அவளுக்கு. "பேசாதே" என்று மட்டும் சொல்லி, புடவைத் தலைப்பால் அவன் நெற்றியை அழுத்திக்கொண்டாள்.

"கௌசிக் சேட்டனுக்கு ஒண்ணும் ஆகலையே? நேத்து கிளினிக்குல கூப்பிட்டப்போ முதல்ல அதுதான் தோணிச்சு. நல்லவேளை, இது சேட்டனோடது இல்லைன்னு."

கௌசிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

ஜீப் வர வெகுநேரம் ஆனதுபோல இருந்தது. முன் ஸீட்டில் செக்போஸ்ட் காவலர், பின்னால் சுமந்த். வழியில் ரத்னாபாயையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பிரஜினைத் தூக்கிப் படுக்க வைத்தபோது சுமந்த், "இத்தாலிக்காரனுங்க கொடுத்து வைக்காதவனுங்க, கேட்டியா" என்றான். பிரஜின் சிரிக்கப் பார்த்தான்.

கீழே அரசு ஆஸ்பத்திரியில் ஈசிஜி ஒயர்களை ஒட்டுமுன் நர்ஸ் ஒரு பேனாவோடு வந்து நின்றாள். "பேஷண்ட் பேர்?"

பிரஜின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தன் சொந்தப் பெயரைச் சொன்னால் இத்தாலி போனது போனதுதான், அதோடு சைக்கிளும் போகலாம். விஷ்ணுப்ரியா அவனுக்காகச் சொல்ல வாயெடுத்தாள். ரத்னாபாய் அவள் கையைத் தொட்டுத் தடுத்தார்.

"பிரஜின்" என்றான் அவன். தெளிவாகவே சொன்னான்.

மருந்து ஏற்றி, துடிப்பு ஒழுங்குக்கு வந்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவி வைக்க வேண்டியிருக்கும், வைத்தால் பிழைத்துக்கொள்வான் என்றார் அங்கிருந்த டாக்டர். ரத்னாபாயும் சுமந்தும் அவனோடு போனார்கள்.

நர்ஸ் கட்டிலில் விரிப்பை மாற்றினாள். "வேற யாராவது உண்டோ?"

கௌசிக்குக்கு வேர்த்துக் கொட்டத் தொடங்கியது. வாசல் பக்கம் பார்த்தான். விஷ்ணுப்ரியா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள், வெறுங்காலில், காலெல்லாம் சேறும் ரத்தமுமாக.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்தான். நர்ஸ் அவன் மார்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டு, ரேஸர் தேடி மேஜையைத் திறந்தாள்.